டீசல் காரின் குளிர்நிலைப் புகை

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அந்தச் சூட்டை சிலிண்டர் சுவர்கள் உறிஞ்சிவிடுவதால், குளோ பிளக்குகள் உள்ளே சிவக்கக் காய்ந்து ஈடுகட்டுகின்றன. ஒன்று செத்தால் அந்த சிலிண்டர் எரியாமல் திணறும்: வண்டி நடுங்கும், சைலன்சரில் கண்ணை எரிக்கும் டீசல் நெடியுடன் வெண்புகை வரும், சூடேறியதும் இரண்டும் அடங்கும். சென்னை வெயிலில் ஒளிந்திருக்கும் இக்கோளாறு உதகையின் மார்கழி விடியலில் வெளிப்பட்டுவிடும்.

பிளக்கின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடை பார்ப்பதே முதல் வேலை. நல்ல பிளக் பெரும்பாலும் ஓரிரு ஓம் காட்டும். எரிந்துபோனதில் மின்சாரமே ஓடாது. 12 வோல்ட் பேட்டரியை நேரடியாகக் கொடுத்துப் பார்ப்பது பழைய பட்டறை வழக்கம். குறைந்த வோல்ட்டில் இயங்கும் புதுவகை பிளக்குகள் அதில் கருகிவிடும். பிளக்குகள் சரியென்றால் அவற்றின் ரிலே, ஃபியூஸைப் பார்க்கவேண்டும். இவற்றைப் பார்க்காமலே இன்ஜெக்டரை மாற்றுவது வீண்செலவு. இன்ஜெக்டர் ஒழுக்கு, டீசல் குழாயில் காற்று புகுதல், கம்ப்ரஷன் குறைவு ஆகியவை அடுத்த ஐயங்கள்.

சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், இனிப்பு வாடை அடித்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும். நீலப் புகை என்றால் எரிவது எஞ்சின் ஆயில்.