வண்ணப் பொருத்தம், ஒளி உணரி வழி

ரீல் தாளில் இடைவிடாது ஓடும் வெப் ஆஃப்செட் அச்சில் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் தனித்தனி அலகுகளில் ஏறுகின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுவதே வண்ணப் பொருத்தம். அச்சகத்தார் பேச்சில் ‘ரிஜிஸ்டர்’. கால் மில்லிமீட்டர் விலகினாலும் படத்திலுள்ள முகத்தின் உதட்டோரம் சிவப்பு நிழல் தட்டும்.

முன்பு அச்சர் உருப்பெருக்கியால் பொருத்தக் குறிகளைப் பார்த்துக் கையால் திருத்துவார்; அதற்குள் ஆயிரக்கணக்கான பிரதிகள் வீணாகிவிடும். இன்று தாளின் ஓரத்தில் அச்சாகும் நுண்குறிகளைக் கேமராவோ ஒளி உணரியோ படிக்கிறது. நொடிக்கு 10 மீட்டர் ஓடும் தாள் 0.1 மில்லிமீட்டரைக் கடக்க நொடியின் லட்சத்தில் ஒரு பங்கே ஆகும். ஆகவே மின்னல்வெட்டு போன்ற நொடிப்பொழுது வெளிச்சத்தில்தான் கேமராவால் குறியை உறையவைத்துப் பிடிக்க முடியும். உருளையின் சுழற்சிக் கோணத்தை என்கோடர் சொல்ல, கணினி விலகலைக் கணக்கிட, மோட்டார் அச்சு உருளையை முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ நகர்த்துகிறது.

மஞ்சள் குறிதான் தொல்லை. சிவப்பு ஒளியில் அது வெள்ளைத்தாளோடு கலந்து மறையும். நீல ஒளி பாய்ச்சினால் கருமையாகத் தெரியும்.

ஆஃப்செட்டில் ஈரம் பட்டுத் தாள் அகலத்தில் விரிவது வேறு சிக்கல். உருளையை நகர்த்தி அதைச் சரிசெய்ய இயலாது. சிறு சக்கரங்களாலோ காற்றுப் பீச்சாலோ தாளை லேசாக நெளியவைத்துச் சுருக்குவார்கள்.