பள்ளியில் ஒரு கால், கல்லூரியில் ஒரு கால்



சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை என்னிடம் வந்தார். செம்பனையில் குலை வெட்டுபவர். மகன் வாங்கிய மூன்று பரிசுகளும் அவர் கையில் இருந்தன.

"டீச்சர், ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இவன் படிச்சி முடிக்க இன்னும் எத்தன வருஷம் ஆகும்?"

நான் விரல் விட்டு எண்ணினேன். இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருடம். ரிமூவ் கிளாஸ் போனால் ஆறு. பிறகு ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ. அதற்குப் பிறகு பட்டப்படிப்பு மூன்று, நான்கு வருடம். "பத்து வருஷத்துக்கு மேல ஆகும் அண்ணே" என்றேன்.

"அதுவரைக்கும் என் முதுகு தாங்கணுமே டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் படிப்பில் ஒரு வருடம் என்பது ஒரு வருடச் சம்பளம் அல்லவா?

இதே கேள்வி வேறு நாடுகளிலும் எழுந்திருக்குமே என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. அங்கே பள்ளிப் படிப்பு 12 வருடம். அதில் கடைசி இரண்டு வருடம், அதாவது 16 முதல் 18 வயதுக்குள், பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடத்தையும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்வோமே, இது பள்ளியில் ஒரு கால், கல்லூரியில் ஒரு கால். ஆனால் தடுமாற்றம் இல்லை, முன்னேற்றம். அந்தச் சரித்திரத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஆறு பேரோடு ஆரம்பம்

இலினோய் மாநிலத்தில் ஜோலியட் என்றோர் ஊர். இரும்பு ஆலைகளும் கல் குவாரிகளும் நிறைந்த தொழிலாளர் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியை நடத்திய ஜே. ஸ்டான்லி பிரவுன் என்பவரும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து யோசித்தார்கள். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு மேலே படிக்க ஆசை. ஆனால் ஊரை விட்டுப் போக வழியில்லை. பிள்ளை கல்லூரிக்குப் போக முடியாவிட்டால் கல்லூரிப் பாடம் பிள்ளையிடம் வரட்டுமே! 1901-ஆம் ஆண்டு, பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே கல்லூரியின் முதல் இரண்டு வருடப் பாடம் தொடங்கியது. மாணவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறே பேர். அந்த ஜோலியட் ஜூனியர் கல்லூரி இன்றும் நடக்கிறது. அந்த ஆறு பேரும் பள்ளி முடித்தவர்கள்தாம். ஆனாலும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருந்த சுவரில் முதல் ஓட்டை அங்கே விழுந்தது என்று சொல்லலாம்.

புகையிலைத் தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு

அடுத்தது 1944. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் கல்லூரிகளில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அட்லாண்டா நகரில் கறுப்பின இளைஞர்களுக்கான மோர்ஹவுஸ் கல்லூரி, 11-ஆம் வகுப்பு முடித்த கெட்டிக்காரப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. அப்படிச் சேர்ந்தவர்களில் 15 வயதுப் பையன் ஒருவன். பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

கல்லூரி திறப்பதற்கு முன் அந்தப் பையன் என்ன செய்தான் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தில் சிம்ஸ்பரி என்ற ஊரில் புகையிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தான். கல்லூரிச் செலவுக்காக அங்கே வேலைக்குப் போன மாணவர்களில் அவனும் ஒருவன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்காமலேயே கல்லூரிக்குள் போனவர், 1948-இல் 19 வயதில் பட்டம் பெற்றார். 1964-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

சீக்கிரம் கல்லூரிக்குப் போனதால்தான் அவர் பெரிய தலைவர் ஆனார் என்று நான் சொல்லவரவில்லை. ஆள் தேவைப்பட்டபோது விதி வளைந்தது, அதைத்தான் சொல்கிறேன். அப்படியானால் அந்த விதி கடவுள் எழுதியது இல்லை, மனிதன் எழுதியதுதான்.

யாருக்குக் கதவு?

1955-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன் பாடங்களை உயர்நிலைப் பள்ளிகளிலேயே, அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே நடத்தத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இம்மாதிரி ஏற்பாடுகள் அக்காலத்தில் பெரும்பாலும் முதல் வரிசைப் பிள்ளைகளுக்கே கிடைத்தன.

கடைசி வரிசைக்கு என்ன வழி? 1974-இல் நியூயார்க்கில் லகார்டியா சமூகக் கல்லூரியில், ஜேனட் லீபர்மன் என்ற அம்மையாரின் முயற்சியால் ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட பிள்ளைகள்! அவர்களைக் கொண்டுபோய்க் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வைத்தார்கள். கல்லூரி மாணவர் நடக்கும் நடையிலேயே இவர்களும் நடக்க, "இது நமக்கும் உரிய இடம்தான்" என்ற எண்ணம் தானாக வரும் அல்லவா? இதைப் படித்தபோது, ஆசிரியர் தொழிலில் இருக்கும் எனக்கே ஒரு குட்டு விழுந்தது போலிருந்தது. நன்றாகப் படிப்பவனுக்குத்தானே நாம் மேலே இருக்கும் வழியைக் காட்டுகிறோம்?

சுரங்கத் தொழிலாளியின் மகன்

மினசோட்டா மாநிலத்தின் வடக்கே இரும்புச் சுரங்கங்கள். சுரங்கத்தை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்புகள். அவற்றை 'லொக்கேஷன்' என்பார்கள். நம் லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஓர் இடத்தில் 1928-இல் பிறந்தவர் ரூடி பெர்ப்பிச். தந்தை குரோவேஷியாவிலிருந்து பிழைக்க வந்த சுரங்கத் தொழிலாளி. வீட்டில் பேசியது குரோவேஷிய மொழி. பள்ளிக்கூடம் போகும்வரை பையனுக்கு ஆங்கிலம் தெரியாது! பக்கத்து ஹிப்பிங் ஊரிலேயே ஜூனியர் கல்லூரி இருந்ததால் அங்கே படித்தார். பிறகு பல் மருத்துவரானார். மாநில ஆளுநராகவும் ஆனார்.

அவர் ஆட்சியில், 1985-இல், ஒரு சட்டம் நிறைவேறியது. 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் கல்லூரிக்குப் போய்ப் பாடம் படிக்கலாம். கட்டணமும் புத்தகச் செலவும் அரசாங்கத்துடையது. எதிர்ப்பு இல்லாமலா? "பிள்ளை போனால் பிள்ளைக்கு வரும் பணமும் போகுமே" என்று பள்ளி நிர்வாகத்தினர் முணுமுணுத்தார்கள். ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தன. இருந்தும் சட்டம் நின்றது. 1990-இல் வாஷிங்டன் மாநிலமும் இதே போன்றதொரு சட்டம் செய்தது.

இதனால் மாணவனுக்கு என்ன லாபம்? அங்கே பட்டம் பெற ஏறத்தாழ 120 கிரெடிட் சேர்க்க வேண்டும். நம் எஸ்.பி.எம். கிரெடிட் வேறு, இது வேறு. ஒரு பாடத்தை முடித்தால் பொதுவாக 3 கிரெடிட் கணக்கில் ஏறும். பள்ளியில் இருக்கும்போதே பத்துப் பாடம் முடித்தால் கல்லூரியின் முதல் வருடம் கழிந்த மாதிரிதான். 2022-23 கல்வியாண்டில் அந்நாட்டில் ஏறக்குறைய 2.5 மில்லியன் பள்ளி மாணவர்கள் இப்படிப் படித்திருக்கிறார்கள். ஆறு பேரில் தொடங்கியது எங்கே, இது எங்கே!

கசப்பையும் மறைக்கக் கூடாது. பாடத்தில் தோற்றால் அந்தத் தோல்வி கல்லூரிப் பதிவேட்டில் அப்படியே நிற்கும். பஸ் வசதி இல்லாத பிள்ளைக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளே இந்த வழியில் அதிகம் போகிறார்கள் என்ற குறை அங்கே இன்றும் உண்டு. கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லாத வீட்டுக்கு அது மூடிய கதவுதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தாயார் பால்மரம் வெட்டியவர். நான் ரிமூவ் கிளாஸில் ஒரு வருடம் உட்கார்ந்து வந்தவள். ஐந்தாம் படிவம் முடித்ததும் எந்த பாரத்தை எங்கே அனுப்புவது என்று சொல்ல எங்கள் லயத்தில் ஆளில்லை. விண்ணப்பத் தேதி முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி தெரியும். ஒரு வருடம் போயிற்று. அந்த ஒரு வருடமும் அம்மா எனக்காகக் கூடுதலாக நிரை பிடித்தார். மறு வருடம்தான் மேலே படிக்க இடம் கிடைத்தது. விதி என்னைத் தடுக்கவில்லை, தகவல் இல்லாததுதான் தடுத்தது.

ஆகவே, பெற்றோர்களே, மூன்று வேண்டுகோள். பிள்ளை ஐந்தாம் படிவம் போகும்வரை காத்திருக்காமல், இரண்டாம், மூன்றாம் படிவத்திலேயே விடுமுறையில் ஒரு கல்லூரியை, ஒரு பாலிடெக்னிக்கைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். வாசலைப் பார்த்த பிள்ளைக்கு வழி மறக்காது. விண்ணப்பத் தேதிகளை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். தெரியாததை வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கள் பள்ளிக்கூடக் கதவு பழைய மாணவர்களுக்கும் திறந்தே இருக்கிறது.

"முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா டீச்சர்?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. முடவன் யார்? புகையிலைத் தோட்டத்தில் நின்ற பையனா, சுரங்கத்துப் பையனா, நம் பையனா?

சென்ற ஆண்டு கேள்வி கேட்ட அண்ணனின் மகன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அன்று சொல்லத் தெரியாத பதிலை இன்று சொல்கிறேன். அண்ணே, உங்கள் மகன் படிக்க வேண்டிய வருடத்தை என்னால் குறைக்க முடியாது. ஆனால் வீணாகப் போகும் வருடம் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கள், நாங்கள் ஒரு பக்கம் பிடிக்கிறோம்.