வளவும் சுவரும்: புத்தளம் கரையோரத்தில் நாய் உண்ணியை இயற்கை வழியில் கட்டுப்படுத்தல்

1. பொருளும் எல்லையும்

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி வழியாகக் கற்பிட்டி முனை வரை நீளும் கரையோரத்தில் நாய் பெரும்பாலும் காவலுக்கே வளர்க்கப்படுகிறது. தென்னந்தோட்டம், இறால் பண்ணை, மிளகாயும் வெங்காயமும் விளையும் மணற்தோட்டம் எனக் காக்க வேண்டிய இடங்கள் பல. காவல் நாய் கட்டிக் கிடப்பதில்லை. ஊர் சுற்றிவிட்டு உண்ணியோடு வீடு திரும்புகிறது. வளவிலும் நாயின் படுக்கையிலும் பெருகும் உண்ணியை இரசாயனத் தெளிப்பின்றிக் குறைக்கும் வழிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நாய்க்கு ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்கான சிகிச்சை இதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

2. உண்ணியின் வாழ்வு

2.1 எந்த உண்ணி?

புல்லை ஒட்ட வெட்டுதல், வேலியோரம் மரச்சீவல் பரப்புதல் ஆகிய அறிவுரைகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காடும் புல்லும் சார்ந்து வாழும் உண்ணிகளுக்காக எழுதப்பட்டவை. நம் நாய்களில் முதன்மையானது கபில நிற நாய் உண்ணி. ரைபிசெபாலஸ் சங்குவினியஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இதன் வெப்பமண்டலக் கிளையை 2021 முதல் ரைபிசெபாலஸ் லின்னேயி என்று தனி இனமாகப் பிரித்துள்ளனர். குஞ்சு, இளம் உண்ணி, முதிர் உண்ணி என்ற மூன்று பருவத்திலும் இது நாயின் இரத்தத்தையே நாடுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் குடித்து முடித்ததும் நாயை விட்டு இறங்கிவிடுகிறது. ஆடுமாடு மேயும் புல்வெளியில் வேறு உண்ணிகளும் உண்டு. மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய வளவில் புல்லை வெட்டுவது அவற்றுக்கு எதிராகப் பயன் தரும்.

2.2 எங்கே ஒளிகிறது?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் கட்டுப்பாடு முழுவதும் தங்கியிருக்கிறது. இரத்தம் குடித்து இறங்கிய உண்ணி மணலில் நிற்பதில்லை. மேல்நோக்கி ஏறி இடுக்குத் தேடுகிறது. நாய் படுக்கும் கொட்டிலில் கிடுகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். முற்றிய ஆமணக்கு விதை போல் உப்பிய சாம்பல் நிறப் பெண் உண்ணி அங்கே அசையாமல் இருக்கும். அதன் முன்னால் கபில நிற முட்டைகள் பசையோடு குவிந்திருக்கும். ஒரு பெண் 4,000 வரை முட்டையிடக்கூடும். சுவரின் வெடிப்பு, கதவு நிலையின் பின்புறம், பனங்கம்பத்தின் சிராய், பொச்சுமட்டைக் குவியல், நாய்க்கு விரித்த பழஞ்சாக்கின் தையல் ஆகியவையும் இதன் இருப்பிடங்களே.

சூடான காலத்தில் முட்டையிலிருந்து முட்டை வரையான சுற்று ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடியும். நாய் கிடைக்காவிட்டாலும் முதிர் உண்ணி பல மாதம், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும், பட்டினி கிடந்து உயிர் தாங்கும். மற்ற உண்ணிகளை விட இது வறட்சியையும் நன்றாகத் தாங்கும். ஒரு முறை துப்புரவு செய்துவிட்டு ஓய்ந்தவர்கள் அடுத்த மாதமே மறுபடி உண்ணியைக் காண்பது இதனால்தான்.

3. இந்த நிலம் ஏன் இரசாயனத்தைத் தாங்காது?

கற்பிட்டிக் குடாநாடு மணல் நிலம். மேலே ஊற்றியது ஆழமற்ற நிலத்தடி நீருக்கு விரைவில் இறங்கும். அந்த நீரையே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்று இக்கிணறுகளில் மிகுந்திருப்பதை 1980களின் ஆய்வுகளே எடுத்துக்காட்டின. உண்ணிக்குத் தெளிக்கும் பைரித்திரொயிட் வகை மருந்துகள் இறால், நண்டு இனங்களுக்குக் கொடிய நஞ்சு. களப்பையும் இறால் குளங்களையும் நம்பி வாழும் ஊரில் முற்றம் முழுவதும் அவற்றை அடிப்பது அயலவரின் பிழைப்பைப் பணயம் வைப்பதாகும். உண்ணி ஒளிந்திருக்காத மணலை நனைப்பதால் பயனும் இல்லை.

4. முறைகள்

4.1 இருப்பிடத்தை அழித்தல்

முதலிடம் இதற்கே. நாய்க்கூட்டை வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தள்ளி வைக்க வேண்டும். கிடுகுக்குப் பதில் இடுக்கு இல்லாத பலகையோ தகரமோ கூரையாகலாம். தகரமென்றால் மரநிழல் அவசியம். சுவர் வெடிப்பைச் சீமெந்தால் அடைத்துச் சுண்ணாம்பு பூசினால் உண்ணி புகும் இடம் இல்லாமல் போகும். பொச்சுமட்டை, விறகு, பழைய வலை ஆகியவற்றை நாய் படுக்கும் இடத்துக்கு அருகில் குவிக்கக் கூடாது.

சாக்கை வாரம் ஒரு முறை கொதிநீரில் அமிழ்த்தி வெயிலில் காய விட வேண்டும். உண்ணி வெயிலைத் தாங்குமாதலால் கொதிநீரை விட்டுவிடலாகாது. கூட்டின் மூலைகளுக்கும் கொதிநீர் ஊற்றலாம். அப்போது நாய் தூர நிற்கட்டும். தென்னோலைச் சூள் கொளுத்தி இடுக்குகளைச் சுடும் வழக்கத்தைக் கிடுகு வீட்டருகே, அதுவும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், அறவே தவிர்க்க வேண்டும். இந்த வேலையை மூன்று மாதமாவது இடைவிடாமல் செய்தால்தான் பொரித்து வரும் அடுத்த தலைமுறையும் அகப்படும்.

4.2 கையால் எடுத்தல்

மாலையில் காதின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கினால் அதன் இரத்தம் கையில் படும். சவர்க்கார நீரில் போட்டு மூழ்கடிப்பதே முறை. முட்டையிடும் முன் எடுத்த ஒவ்வொரு பெண் உண்ணியும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தடுக்கிறது. இவ்வளவு மலிவான, இவ்வளவு உறுதியான முறை வேறில்லை என்பது என் துணிபு.

4.3 வேம்பு

வேம்பிலுள்ள அசாடிரக்டின் உண்ணியின் தோலுரிப்பையும் முட்டை பொரிப்பையும் குலைக்கிறது. ஆனால் வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும். ஒரு லீற்றர் நீருக்கு 20 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்து, பொழுது சாய்ந்தபின் கம்பங்களிலும் பலகை இடுக்குகளிலும் பூசலாம். காய்ந்தபின் நாயை விட வேண்டும். இது துணை முறைதான்.

4.4 கோழியும் பூஞ்சணமும்

கோழி உண்ணியைக் கொத்தித் தின்னும் என்பது மெய்; 1990களின் தொடக்கத்தில் கென்யாவில் மாட்டு உண்ணிகளை வைத்து ஆராய்ந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் கிடுகின் இடுக்கிலும் சுவரின் உயரத்திலும் அதன் அலகு எட்டாது. மெற்றாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணம் ஆய்வுகூடத்தில் உண்ணியைக் கொல்கிறது. நம் மாவட்டத்து லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் தென்னையைத் தாக்கும் கருவண்டுக்கு எதிராக இப்பூஞ்சண வகையைப் பரிந்துரைப்பதைத் தோட்டக்காரர் அறிவர். வண்டுக்கான வித்தை நாய்க்கூட்டில் தூவினால் அதே பலன் கிட்டும் என்று கொள்ள இடமில்லை. ஈரம் குறைந்த மாதங்களில் பூஞ்சணம் முளைப்பதும் அரிது.

5. விலக்கத்தக்கவை

கழிவு எண்ணெயும் மண்ணெண்ணெயும் நாயின் தோலைப் புண்ணாக்கும்; நக்கினால் உடலுக்குள் நஞ்சாகும். சீத்தாப்பழ விதைத் தூள் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். சோற்றில் பூண்டு கலந்து கொடுப்பது நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். பாலாவி உப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று முற்றத்தில் தூவினால், தென்னங்கன்றும் கிணறும் கெடும்; இடுக்கிலிருக்கும் உண்ணிக்கு ஒன்றும் ஆகாது.

6. வேலிக்கு அப்பால்

தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை இலங்கையில் 2006 முதல் நடைமுறையிலுள்ளது. அது நல்ல கொள்கை. அதைக் கொண்டாடும் நாம் அயலின் நாய்களையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வளவின் நாய் நம் கொட்டிலில் பகலுறக்கம் கொள்கிறதென்றால், இரு வீட்டாரும் ஒரே வாரத்தில் சாக்கை அவித்து இடுக்கை அடைக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் உண்ணி மறுபடி வந்து சேரும்.

நாய் சாப்பாட்டை மறுத்துச் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் தேயிலைச் சாயமாகப் போனாலோ மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, அது உண்ணி கடத்தும் பபேசியா, எர்லிக்கியா கிருமிகளின் வேலையாக இருக்கலாம். அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அந்நிலையில் வேப்பெண்ணெயாலும் கொதிநீராலும் ஆவது எதுவுமில்லை.