ஹைட்ரஜன் அமரும் இடம்

மாணவர்களே, படிகம் என்பது அசையாத அணுக்களின் அணிவகுப்பு என்றே நான் பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்தேன். அது முழு உண்மையன்று என்பதை ஓர் உப்பின் வரலாறு எனக்கு உணர்த்திற்று.

1935-இல் சூரிக் நகரில் புஷ், ஷெரர் என்னும் அறிஞர் இருவர் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்னும் உப்பை ஆராய்ந்தனர். சுழிக்குக் கீழே ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்ததும், அப்படிகம் தானாகவே மின்முனைவு கொண்டது. அதன் உள்ளமைப்பும் மாறியது. காரணம் யாது?

1941-இல் அமெரிக்க அறிஞர் ஸ்லேட்டர் விடை பகர்ந்தார். பாஸ்பேட் தொகுதி ஒவ்வொன்றும் அண்டைத் தொகுதிகள் நான்குடன் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்துள்ளது. பிணைப்புதோறும் ஹைட்ரஜனுக்கு இரண்டு இருக்கைகள் உண்டு. ஒன்று இத்தொகுதியின் அருகில், மற்றொன்று அத்தொகுதியின் அருகில். எனினும் ஒரு தொகுதியை நெருங்கி அமர்பவை நான்கில் இரண்டே. வெப்பம் மிகுந்தபோது இருக்கைகள் ஒழுங்கின்றி நிரம்பும். குளிர்ந்தபின் எல்லாம் ஒரே முறையில் அமையும். 1950-களில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் பேக்கனும் பீசும் நியூட்ரான்களைக் கொண்டு இவ்வொழுங்கைக் கண்டனர்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. இருமடங்கு எடையுள்ள கன ஹைட்ரஜனை அங்கே அமர்த்தினால், மாற்றம் நிகழும் வெப்பநிலை ஏறத்தாழ நூறு பாகை உயர்கிறது! ஸ்லேட்டரின் கணக்கிலோ எடைக்கு இடமே இல்லை. இலேசான ஹைட்ரஜன் இடைத்தடையை ஊடுருவிச் செல்கிறது என்று 1960-இல் பிளின்ட்ஸ் விளக்கினார். கன ஹைட்ரஜன் பிணைப்பின் நீளத்தையே மாற்றிவிடுகிறது என்பதைப் பின்வந்தோர் வற்புறுத்தினர்.

ஸ்லேட்டர் தோற்றாரா? இல்லை. அவர் இட்ட அடித்தளத்தின்மீதே பிறர் திருத்தி எழுப்பினர். நான் கற்பித்ததையும் நீங்கள் அவ்வாறே திருத்திக்கொள்ளுங்கள்.