ஈய உறையும் உப்புக் காற்றும்

1850ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயின் அடியில் இடப்பட்ட தந்திக் கம்பிக்கு இரும்புக் கவசம் இல்லை. அது விரைவிலேயே அறுந்தது. அடுத்த ஆண்டில் இரும்புக் கம்பிகள் சுற்றிய வடம் இடப்பட்டது, அது நிலைத்தது. பின்னாளில் வீட்டுச் சுவர்மேல் ஓடிய மின்வடங்களும் ஈய உறை பூண்டன.

ஆயினும், அவ்வுறை முதலிற் காப்பது கம்பியையே. உள்ளிருக்கும் இறப்பர் காலத்தால் உலர்ந்து வெடிப்பின், மின்சாரம் உறையிற் பாயும். உறைக்குப் புவித்தொடுப்பு செவ்வனே அமைந்திருப்பின், உருகி எரிந்து மின்னோட்டம் நிற்கும். தொடுப்பு அறுந்திருப்பின், தொடுபவர் உடலே நிலத்திற்கு வழியாகும்.

சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையில் இவ்வபாயம் மிகுதி. புத்தளத்து உப்பளங்களில் உப்பு விளையத் துணைபுரியும் கடற்காற்றே, வடத்தின் இணைப்புகளையும் பிடிகளையும் அரிக்கின்றது. ஆதலின், பழைய வீட்டில் இத்தகைய வடம் காணின், அதன்மேல் துணி உலர்த்தலாகாது, ஆணி அறையலாகாது, வளைத்துப் பார்த்தலும் ஆகாது. தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு தொடுப்பைச் சோதித்து, புதிய வடம் இடுவித்தலும், மின்கசிவு கண்டு துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சைப் பொருத்துவித்தலும் அறிவுடைமையாம்.

2011ஆம் ஆண்டில் மின் வழங்கத் தொடங்கிய நுரைச்சோலை நிலையம் 900 மெகாவாட் ஆற்றலுடையது. அதே கரையில், ஒரு வீட்டின் உயிர்களைக் காப்பது துருவேறாத சிறு தொடுப்பொன்றே.