வறண்டது என்று பெயரிட்டார்கள்

1885இல் பிராக் நகரத்து மகப்பேறு மருத்துவர் ஆகஸ்ட் பிரைஸ்கி, சில பெண்களின் பிறப்புறுப்புத் தோல் வெளுத்துச் சுருங்கி, உதடுகள் மெல்ல மறைந்துபோவதைப் பதிவுசெய்தார். ‘கிரௌரோசிஸ்’ என்று பெயரும் வைத்தார். வறண்டது, நொறுங்கக்கூடியது என்பது அந்தக் கிரேக்க வேர்ச்சொல்லின் பொருள். இரண்டு ஆண்டுகள் கழித்து பாரிஸின் தோல் மருத்துவர் ஹாலோப்போ ஏறத்தாழ இதையே லைக்கன் வகை நோயாக எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள், மகப்பேறு மருத்துவரிடம் போன பெண்ணுக்கு ஒரு நோய், தோல் மருத்துவரிடம் போனவளுக்கு வேறொரு நோய். லூக்கோபிளேக்கியா என்ற மூன்றாவது பெயரும் இடையில் புகுந்து குழப்பியது.

பெயர்க் குழப்பத்தின் விலையைக் கொடுத்தது பெண்ணுடல். வெண்மை என்றாலே புற்றுநோயின் முன்னறிவிப்பு என்ற அச்சத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வல்வெக்டமி செய்தார்கள். அதாவது வெளிப்புற உறுப்பை, பெரும்பாலும் கிளிட்டோரிஸையும் சேர்த்து, அறுத்தெடுப்பது. எடுத்த பிறகும் எஞ்சிய தோலில் நோய் திரும்ப வந்தது. அந்தப் பெண்களுக்கு இன்பம் என்று ஒன்று இருந்ததா என்ற கேள்வி அன்றைய மருத்துவத்தின் கணக்கில் பெரிதாக ஏறவில்லை.

1961இல் லிவர்பூலின் ஜெஃப்கோட்டும் வுட்காக்கும், வெண்மை எல்லாம் புற்றாக மாறுவதில்லை, வழக்கமாக அறுப்பது தேவையற்றது என்று வாதிட்டார்கள். 1970இல் வல்வா நோய்களுக்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம் தோன்றியது. 1976இல் அது பழைய பெயர்களைக் கைவிட்டு ‘லைக்கன் ஸ்கிளிரோசஸ்’ என்பதை ஏற்றது. கத்தியின் இடத்துக்கு ஒரு களிம்பு வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. வீரியமான ஸ்டீராய்டான குளோபெட்டாசால் பலனளிப்பதை 1991இல் இங்கிலாந்து மருத்துவர்கள் வெளியிட்டார்கள்.

புற்றுநோய் அச்சம் முற்றிலும் பொய்யல்ல. 2015இல் ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. மருந்தை ஒழுங்காகப் போட்டுவந்த 357 பேரில் ஒருவருக்கும் புற்றோ அதன் முன்நிலையோ வரவில்லை. விட்டுவிட்டுப் போட்ட 150 பேரில் ஏழு பேருக்கு வந்தது. ஒரு நூற்றாண்டு அறுவைக்குப் பிறகு கிடைத்த எண்கள் இவை.

இந்த நோய் தொற்றாது. உறவால் வருவதோ உறவால் பரவுவதோ இல்லை. ‘யாரிடமிருந்து வந்தது?’ என்று மனைவியைக் கேட்கும் கணவனுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் மெலிந்த தோல் உறவின்போது வெடிக்கும், வாய் குறுகும், வலிக்கும். வெடிப்புள்ள தோல் மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கு வழிவிடும். ஆணுறை அணிவதென்றால் இன்னொரு சிக்கல்: வாசலின் போன்ற எண்ணெய்ப்பசைக் களிம்புகள் லேடெக்ஸைப் பலவீனப்படுத்தும். வலிக்கும்போது மறுப்பது பெண்ணின் உரிமை என்பதை மருந்துச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை.

சங்கப் பாடல்கள் ‘அல்குல்’ என்று கூச்சமின்றிப் பாடின. அதன் பொருள் எது என்று இன்றும் உரைகாரர்கள் மோதுகிறார்கள். நம் பெண்களோ மருத்துவரிடம் ‘கீழே அரிக்குது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைப் பூஞ்சை என்றோ வெள்ளைப்படுதல் என்றோ முடிவுகட்டி, கடையில் வாங்கிய களிம்பைப் பூசிக்கொண்டே ஆண்டுகள் போகின்றன. அந்த இடைவெளியில் தழும்பேறி ஒட்டிக்கொண்ட உதடுகளை எந்தக் களிம்பும் பிரிப்பதில்லை.