கூரை வீடுகளை அளந்த ஆஸ்திரேலியர்

சென்ற மாதம் பேரனுக்கு ஒரு பொம்மை ரயில் பரிசாக வந்தது. வட்டமாகத் தண்டவாளம், ஓர் எஞ்சின், இரண்டு பெட்டி. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தவன், "தாத்தா, இது எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் மாதிரி ரயில்களின் சரித்திரமே இந்தக் கேள்வியில்தான் திரும்பியது.

ஆரம்பத்தில் இவை வெறும் பொம்மைகள்தான். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-ல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு ரயில் பொம்மைகளை வைத்தது. தண்டவாள அகலங்களுக்கு எண்களும் கொடுத்தது. பிறகு வந்தவர்கள் அளவைச் சுருக்கினார்கள், மின்சாரத்தில் ஓட்டினார்கள். ஆனாலும் ரயில் மேஜையைத்தான் சுற்றிவந்தது.

1930-களின் பிற்பகுதியில் லண்டனில் ஜான் அஹெர்ன் என்பவர் தம் வீட்டிலேயே 'மேடர் வேலி' என்ற ரயில் பாதையைக் கட்டத் தொடங்கினார். அதில் குன்று, ஆறு, கடைத்தெரு, துறைமுகம் எல்லாம் உண்டு. ஊர் கற்பனை, ஆனால் கட்டடங்களில் பல, நிஜமாக எங்கோ நின்றவற்றைப் பார்த்துச் செய்தவை. ரயிலுக்குப் போய்ச்சேர ஓர் ஊர் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. ராய் இங்லண்ட் என்று பெயர், பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925-ல் இளைஞராக இங்கிலாந்து வந்தார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே மேல் அவருக்குப் பெரும் பிரியம். அந்தப் பாதை போகும் 'வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்' பள்ளத்தாக்கின் கிராமங்களைப் பார்த்து மயங்கினார். கூடவே இன்னொன்றையும் கண்டார். பழைய வைக்கோல் கூரைகளைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போடுகிறார்கள். சில வீடுகள் கவனிப்பாரின்றி இடிந்து விழுகின்றன. உள்ளூர்க்காரர்களுக்கு அது தினசரிக் காட்சி. வெளியூர்க்காரருக்குத்தான் அது உறுத்தியது.

அவர் கையில் பணம் இல்லை, அதிகாரம் இல்லை. வீடுகளைக் காப்பாற்ற முடியாது. அளந்து வைக்க முடியும். ஒவ்வொரு வீடாக அளந்து, அட்டையில் கட்ட ஆரம்பித்தார். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்பது கணக்கு. அதாவது 6 அடி மனிதன் 24 மில்லிமீட்டர் உயரம். 9 அங்குலச் செங்கல் 3 மில்லிமீட்டர் நீளம். அந்தச் செங்கற்களை அட்டையில் கீறி, ஒவ்வொன்றாக நீர்வண்ணம் தீட்டவேண்டும். கூரை வேயக் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் சணல் நார். ஒரு சிறு வீடு முடியவே மாதங்கள் ஆகும்.

1954-ல் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் இந்த வேலை பெண்டன் அருங்காட்சியகமாக வேர்விட்டது. நண்பர்கள் சேர்ந்துகொண்டார்கள், எஞ்சின்கள் செய்வதில் கை தேர்ந்த கை வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். அஹெர்ன் 1961-ல் மறைந்தபின் அவருடைய மேடர் வேலியும் அங்கேயே வந்து சேர்ந்தது. ராய் இங்லண்ட் 1995-ல் காலமானார். அவர் தொடங்கிய பள்ளத்தாக்கைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து கட்டிவந்தார்கள்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். இத்தகைய மாதிரிகளை எங்கள் ஆசிரியர்கள் 'மக்கேத்' என்பார்கள். கட்டப்போகும் ஒன்றுக்கு முன்கூட்டிச் செய்வது என்றே அதற்கு அர்த்தம் கொண்டிருந்தேன். போய்விட்ட ஒன்றுக்குப் பின்னால் செய்வதும் மக்கேத்தான் என்று இப்போது தெரிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராகப் பதிவேடு எழுதிய எனக்கு இன்னொன்றும் பிடித்தது. பெண்டனில் காலம் திட்டமானது: 1920-களும் 30-களும். அந்தக் காலத்துக்குப் பொருந்தாத எதற்கும் அங்கே இடமில்லை. தேதி இல்லாத பதிவு, பதிவா?

புதுச்சேரியில் எங்கள் பூர்வீக வீடு தெருத் திண்ணை, தாழ்வாரம், முற்றம், தேக்குத் தூண்கள் என்று இருந்தது. பங்கு பிரித்தபோது இடித்தோம். அதற்கான மனுவை எழுதியவனே நான்தான். போன பொங்கலுக்குக் கூடியபோது முற்றத்துத் தூண் எத்தனை என்று பேச்சு வந்தது. அக்கா எட்டு என்றார், தம்பி பத்து என்றான். எனக்கு ஆறுதான் நினைவில் இருக்கிறது. இருக்கும் புகைப்படங்களில் எல்லாம் கல்யாண கோஷ்டி தூண்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சர்க்கார் கட்டடங்களின் நீள அகலம் எத்தனையோ தாளில் ஏற்றிய கை, சொந்த வீட்டின் முற்றத்தை ஒரு தரம்கூட அளக்கவில்லை.

நேற்று பேரனைக் கூட்டிக்கொண்டு, எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் ஒரு பழைய வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். டேப்பின் ஒரு முனையை அவன் பிடித்தான். திண்ணை நீளம் 11 அடி 4 அங்குலம். நோட்டில் எழுதி, தேதியும் போட்டேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே போய் அளந்துவிடுங்கள்.